மார்த்தா கஸ்டிஸின் மூன்றில் ஒரு பங்கு

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 பிப்ரவரி 2024

ஜார்ஜ் வாஷிங்டன் பணக்கார விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு பெரிய ஆள் ஆனார். ஆனாலும் சாகும்போது தன் அடிமைகளை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதினார். மனைவி மார்த்தா என்ன செய்தார்? 150 பேரைப் பேரன் பேத்திகளுக்கு அப்படியே விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு கல்நெஞ்சமா அந்த அம்மாவுக்கு?

9 பிப்ரவரி, இரவு

நான் இருப்பது வர்ஜீனியாவில். வாஷிங்டனும் மார்த்தாவும் வாழ்ந்த பண்ணை வீடான மவுன்ட் வெர்னன் எங்களுக்குக் காரில் அரை மணி நேரம். பல தடவை போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அந்த 150 பேரை மார்த்தாவால் விடுவித்திருக்கவே முடியாது. காரணம் அவருடைய முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ். 1750-ல் கல்யாணம் ஆனபோது மார்த்தாவுக்கு 18 வயது, டேனியலுக்கு அவரைவிட 20 வயது அதிகம். 1757 ஜூலை 8 அன்று டேனியல் திடீரென்று இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. விட்டுப்போனது 17,500 ஏக்கருக்கு மேல் நிலம், ஏறக்குறைய 300 அடிமைகள், லண்டனில் பணம். பிறந்த நான்கு குழந்தைகளில் இரண்டு அதற்கு முன்பே இறந்துவிட்டன. மிஞ்சியவர்கள் ஜாக்கி என்ற இரண்டரை வயதுப் பையனும் பாட்ஸி என்ற ஒரு வயதுப் பெண்ணும்.

உயில் இல்லாவிட்டால் சட்டம்தான் பங்கு போடும். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மார்த்தா பணக்காரி ஆனது இப்படித்தான்.

9 பிப்ரவரி, அதே இரவு, படுக்கப் போகுமுன்

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். படிப்பவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவுக்கே சொந்தம் என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை.

நம் பத்திரங்களில் "ஆயுள்வரை அனுபவித்துக்கொண்டு, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியம் இல்லாமல்" என்று வருமே, அதேதான். நிலத்தில் விதவைக்குக் கிடைப்பது அனுபவ பாத்தியம் மட்டும். விளைச்சலை எடுத்துக்கொள்ளலாம். கண் மூடியதும் நிலம் முதல் கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். பணம், கால்நடை, மேஜை நாற்காலி போன்ற அசையும் சொத்தில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்குதான் முழுசாக அவருடையது.

அப்படியானால் அடிமைகள்? மனிதர்கள்தானே, நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், அசையும் சொத்தில்தானே வர வேண்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். வர்ஜீனியாவின் 1705-ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுரிமை விஷயத்தில் அவர்களை அசையாச் சொத்தாக வைத்தது. நிலத்தை உழுகிறவர்கள் நிலத்தோடே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்ட முதலாளிகளின் கணக்கு. ஆகவே மார்த்தாவின் பங்குக்கு வந்த 80-க்கும் மேற்பட்ட மனிதர்களும் அவருடைய ஆயுள்வரைக்கும்தான். விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, விடுதலையும் செய்ய முடியாது.

10 பிப்ரவரி

டேனியலுக்கு அவ்வளவு சொத்து எங்கிருந்து வந்தது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது தனிக் கதை, கொஞ்சம் நீளும்.

அவருடைய தாய்வழித் தாத்தாவின் பெயரும் டேனியல் பார்க். கரீபியன் தீவுகளுக்குக் கவர்னராகப் போனவர், 1710-ல் ஆன்டிகுவா தீவில் மக்கள் கிளர்ந்தெழுந்து அவரைக் கொன்றுவிட்டார்கள். உயிலைத் திறந்து பார்த்தால், தீவுகளில் இருந்த சொத்து திருமணத்துக்கு வெளியே பிறந்த ஒரு மகளுக்கு. வர்ஜீனியா நிலம் மூத்த மகள் பிரான்சிஸுக்கு. கடன்களை யார் தலையில் கட்டுவது என்று இரண்டு கிளைகளும் கோர்ட்டுக்குப் போயின. அந்த வழக்கு மேல்முறையீடாக லண்டனில் அரசரின் பிரிவி கவுன்சில் வரை ஏறி, மார்த்தா விதவையானபோதும் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 26 வயதுப் பெண்ணுக்கு நிலத்தோடு வழக்கும் சேர்ந்தே வந்தது.

பிரான்சிஸைக் கட்டியவர் ஜான் கஸ்டிஸ். தாம்பத்தியம் எப்படி இருந்தது என்பதற்கு அவர் கல்லறையே சாட்சி. 71 வயதில் இறந்தாலும் தான் வாழ்ந்தது ஏழே ஆண்டுகள், ஆர்லிங்டன் என்ற பண்ணையில் பிரம்மச்சாரியாக இருந்த அந்தக் காலம் மட்டும்தான் என்று கல்லில் வெட்டச் சொல்லியிருந்தார். இதைச் செய்யாவிட்டால் மகனுக்குச் சொத்து கிடையாது என்று உயிலிலும் எழுதிவைத்தார்! மனைவி இறந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகியும் கோபம் தீரவில்லை.

இதே ஜான் கஸ்டிஸ்தான் மார்த்தாவை மருமகளாக ஏற்க முதலில் மறுத்தவர். மார்த்தாவின் அப்பா ஜான் டான்ட்ரிட்ஜ் நியூ கென்ட் கவுன்டியில் மரியாதையான ஆள்தான், ஆனால் கஸ்டிஸ் குடும்பத்தின் வசதிக்குப் பக்கத்தில் வர முடியாது. கிழவரின் மனம் மாற என்ன நடந்தது தெரியுமா? அவருடைய அடிமைப் பெண் ஆலிஸுக்குப் பிறந்த ஜாக் என்ற சிறுவன்மேல் அவருக்கு உயிர். 1744-லேயே விண்ணப்பம் போட்டு அவனை விடுவித்தவர். குடும்பத்தோடு பழகிய ஒரு வழக்கறிஞர், டேனியலின் பெயரைச் சொல்லி அந்தச் சிறுவனுக்கு ஒரு சின்னக் குதிரையும் சேணமும் கடிவாளமும் கொடுத்தார். பிறகுதான் கிழவரின் சம்மதம் வந்தது.

ஜாக் 1751-ல், சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டான். அவனும் டேனியலும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். ஒருவர் விட்டுப்போன சொத்தில் 300 பேர் அடிமைகள், இன்னொருவன் பிறந்ததே அடிமையாக. கஸ்டிஸ் குடும்பம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் ஜாக்கின் ஞாபகம்தான் வரும்.

11 பிப்ரவரி

மார்த்தா என்ற மனுஷியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வாஷிங்டனுக்கும் தனக்கும் நடந்த கடிதங்களை அவர் எரித்துவிட்டார். தப்பியவை மிகச் சில. அதனால் அவர் குரலைக் கேட்க நமக்குக் கிடைப்பது கணக்கு வழக்குக் கடிதங்கள்தான். டேனியல் இறந்த அடுத்த மாதமே, 1757 ஆகஸ்டில், லண்டன் புகையிலை வணிகர்களுக்குத் தானே கடிதம் எழுதுகிறார். கணவர் காலமாகிவிட்டார், இனி நிர்வாகம் என் கையில், என் புகையிலைக்கு நல்ல விலை வாங்கித் தாருங்கள் என்கிற மாதிரி நேரடியான கடிதம். கணவருக்குப் பளிங்கில் கல்லறைக் கல்லுக்கும் லண்டனிலேயே ஆர்டர் போடுகிறார். அழுகையைப் பற்றி ஒரு வரி கிடையாது. மூன்றரை வருஷத்துக்குள் இரண்டு குழந்தைகளையும் கணவரையும் பறிகொடுத்த பெண் அவர்.

11 பிப்ரவரி, மாலை

"அப்படியானால் கெட்டிக்கார நிலக்கிழார்" என்று கீழே எழுதியவருக்கு: ஆமாம், 18 மாதத்துக்கு மட்டும். 1757 ஜூலையிலிருந்து 1759 ஜனவரி 6 வரை. அந்த நாளில் வாஷிங்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கிடையாது. முழுசாக அவருடையது என்று நான் முன்பு சொன்ன அசையும் சொத்து கணவருக்குப் போனது. நிலத்தின் அனுபவ பாத்தியத்தை நிர்வகிப்பதும் கணவர்தான். பிள்ளைகளின் பங்குக்கும் அவரே கார்டியனாகி, வருஷா வருஷம் கோர்ட்டில் கணக்குக் காட்டினார். பைசா பிசகாத கணக்கு.

13 பிப்ரவரி

பாட்ஸியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வலிப்பு நோய் இருந்த பெண். என்னென்னவோ வைத்தியம் பார்த்தார்கள். 1773 ஜூன் 19 அன்று மாலை நான்கு மணி வாக்கில் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்தாள். கொஞ்ச நாளாக இருந்ததைவிட அன்று தெம்பாக இருந்தாளாம். சிறிது நேரத்தில் வலிப்பு வந்து, இரண்டு நிமிஷத்துக்குள் உயிர் போய்விட்டது. மறுநாளே வாஷிங்டன் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. 17 வயது.

அவள் பேரில் இருந்தது சுமார் 16,000 பவுண்டு. நிலமும் அடிமைகளும் மூத்த ஆண் வாரிசு என்று ஜாக்கிக்குப் போனதால், பாட்ஸியின் பங்கு பெரும்பாலும் பணம். அதில் பாதி அண்ணனுக்கு, பாதி அம்மாவுக்கு. அம்மாவுக்கு என்றால் சட்டப்படி வாஷிங்டனுக்கு என்று அர்த்தம். லண்டன் வணிகர்களிடம் தலைக்கு மேல் ஏறியிருந்த கடனை அவர் அந்தப் பணத்தை வைத்துத்தான் தீர்த்தார்.

வாஷிங்டன் அந்தப் பெண்மேல் பாசமாக இருந்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் "பணக்கார விதவையைக் கட்டி" என்று கேள்வி கேட்டவர் ஆரம்பித்தாரே, அந்தப் பணத்தில் ஒரு பெரிய பகுதி மகள் இறந்ததால் வந்தது.

17 பிப்ரவரி

1799 கோடையில், இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, வாஷிங்டன் தன் கையால் ஒரு பட்டியல் போட்டார். மவுன்ட் வெர்னனில் இருந்த 317 பேரின் பெயர்கள், பண்ணை வாரியாக. ஒரு பக்கம் அவருக்குச் சொந்தமானவர்கள், 120-க்குச் சற்று மேல். இன்னொரு பக்கம் மார்த்தாவின் விதவைப் பங்கு, 153 பேர். மீதி 40 பேர் வாக்கில் வாடகைக்கு எடுத்தவர்கள். பெயருக்குப் பக்கத்தில் வேலை, வயது, கணவனோ மனைவியோ எந்தப் பண்ணையில் என்ற குறிப்பு.

80 சொச்சம் பேர் எப்படி 153 ஆனார்கள்? 1662-லிருந்தே வர்ஜீனியாவில் குழந்தையின் நிலை தாயைப் பொறுத்தது. விதவைப் பங்கில் இருக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை, தகப்பன் யாராக இருந்தாலும், கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து. 40 வருஷத்தில் இரண்டு பக்கத்து மனிதர்களும் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கலந்துவிட்டார்கள். தன் ஆட்களை உடனே விடுவித்தால் குடும்பங்கள் பிரியும், மற்றவர்களை விடுவிக்கவோ தனக்கு அதிகாரம் இல்லை என்று வாஷிங்டன் உயிலிலேயே எழுதியிருக்கிறார்.

சமையல்காரர் ஹெர்குலிஸ் வாஷிங்டனுக்குச் சொந்தம். இறந்துபோன அவர் மனைவி ஆலிஸ் விதவைப் பங்கு. அதனால் ரிச்மண்ட், ஈவி, டீலியா என்ற மூன்று குழந்தைகளும் விதவைப் பங்கு. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாள் அன்று, ஹெர்குலிஸ் தப்பி ஓடினார். சில வாரம் கழித்து ஒரு பிரெஞ்சு இளவரசர் அங்கே விருந்தாளியாக வந்தார். அவருடைய வேலையாள் ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிமேல் பார்க்க முடியாதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டான். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அப்பா இப்போது அடிமை இல்லையே என்றாளாம் குழந்தை. இளவரசர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

1801 ஜனவரி 1 முதல் ஹெர்குலிஸுக்குச் சட்டப்படியும் விடுதலை. அந்த மகளுக்கு இல்லை.

18 பிப்ரவரி

அந்த 1801 தேதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பர் 14. மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு தன் ஆட்களை விடுவிக்க வேண்டும் என்பது உயில். ஒரே வருஷத்தில் மார்த்தா தானே முன்வந்து விடுவித்தார். இரக்கத்தால் என்று நான் முன்பு நம்பியிருந்தேன். 1800 டிசம்பரில் அங்கே போய்வந்த அபிகேல் ஆடம்ஸ் (அப்போதைய அதிபரின் மனைவி), தன் அக்காவுக்கு எழுதியதைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. தான் இறந்தால்தான் விடுதலை என்று நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும் வீட்டில், தன் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று மார்த்தாவுக்குத் தோன்றியிருக்கிறது.

25 பிப்ரவரி

நேற்று அம்மாவை மவுன்ட் வெர்னனுக்குக் கூட்டிப்போனேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். கல்லறையில் ஜார்ஜும் மார்த்தாவும் இரண்டு வெள்ளைப் பளிங்குப் பெட்டிகளில், இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால். அங்கிருந்து சரளைப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால், மரங்களுக்கு நடுவே அடிமைகளின் இடுகாடு. ஒரு கல்லறையில்கூடப் பெயர் இல்லை. 1929-ல் வைத்த ஒரு கல், 1983-ல் எழுப்பிய நினைவுத் தூண், அவ்வளவுதான். சருகை ஒதுக்கிப் பார்த்தால் தரை லேசாக அமிழ்ந்திருக்கும் இடங்கள் தெரிகின்றன.

அம்மாவுக்கு விதவைப் பங்கு விஷயத்தைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். எங்கள் ஆச்சி இருந்த வீடும் ஆயுள்வரை அனுபவிக்கத்தான், ஒரு ஜன்னலை மாற்றக்கூடச் சித்தப்பாக்களைக் கேட்க வேண்டும். "உங்க ஆச்சிக்கு இருந்தது வெறும் செங்கல். இந்தம்மாவுக்கு இருந்தது ஆளுங்க. எனக்கு உரிமை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட முடியுமா?" என்று கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

26 பிப்ரவரி

அம்மாவின் கேள்வி என் முதல் பதிலை அசைத்துவிட்டது. "விடுவித்திருக்கவே முடியாது" என்று எழுதினேன். 153 பேர் விஷயத்தில் அது சரிதான். ஆனால் எலிஷ் என்று ஒருவர் இருந்தார். அவர் விதவைப் பங்கு இல்லை, மார்த்தா தானே விலைக்கு வாங்கியவர். முழு உரிமையும் மார்த்தாவிடம். அப்போது வாஷிங்டனும் உயிரோடு இல்லை, கையைக் கட்ட யாரும் கிடையாது. 1782 முதல் வர்ஜீனியாவில் சொந்தக்காரர் விரும்பினால் அடிமையை விடுவிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மார்த்தா 1802 மார்ச்சில், இறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பு, உயிலில் ஒரு இணைப்பு எழுதினார். எலிஷைப் பேரனுக்குக் கொடுத்தார்.

ஒரே ஒரு ஆள் விஷயத்தில் முடிவு முழுக்க அவர் கையில் இருந்தது. எடுத்த முடிவு இது. கேள்வி கேட்ட நண்பருக்கு நான் முதலில் தந்த பதில் பாதிதான்.

2 மார்ச்

பேரன் யார் என்று கேட்டீர்கள். ஜாக்கி 1781 நவம்பரில், சுதந்திரப் போரின் யார்க்டவுன் முற்றுகை முடிந்த கையோடு முகாம் காய்ச்சலில் இறந்தார். அவரும் உயில் எழுதவில்லை, அப்பாவைப் போலவே. நான்கு குழந்தைகள், மூன்று பெண், ஒரு பையன். அந்தப் பையன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். தகப்பன் 1778-ல் வாங்கிய 1,100 ஏக்கரில் வீடு கட்டி, பழைய குடும்பப் பண்ணையின் பெயரை வைத்தார்: ஆர்லிங்டன்.

ஆமாம், இன்று ராணுவ இடுகாடு இருக்கும் அந்த ஆர்லிங்டன்தான்! மகள் மேரி அன்னா மணந்தது ராபர்ட் லீயை, பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் தளபதியானவர். இந்தப் பேரன் 1857-ல் இறக்கும்போது, ஐந்து வருஷத்துக்குள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதினார். மருமகன் லீ அந்தக் கெடு முழுவதையும் எடுத்துக்கொண்டு 1862 டிசம்பர் 29-ல்தான் கையெழுத்துப் போட்டார். உள்நாட்டுப் போரில் 92 டாலர் 7 சென்ட் வரிக்காக அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. பணத்தோடு உறவினரை அனுப்பியும், சொந்தக்காரரே நேரில் வர வேண்டும் என்று வாங்க மறுத்துவிட்டார்கள். 1864-ல் ராணுவ இடுகாடானது. 1882-ல் உச்ச நீதிமன்றம் லீயின் மூத்த மகன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, மறு வருஷம் அரசே 1,50,000 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

அதே நிலத்தில் 17 ஏக்கர் மட்டும் மரியா சைபாக்ஸ் என்ற பெண்ணுக்குத் தனியே போனது. அந்தப் பேரனுக்கும் மவுன்ட் வெர்னனிலிருந்து வந்த அடிமைப் பெண் ஏரியானா கார்ட்டருக்கும் பிறந்தவர் அவர். பத்திரம் எதுவும் இல்லாததால் போரின்போது அதுவும் பறிபோனது, 1866-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. ஜாக்குக்கு ஒரு குதிரை, மரியாவுக்கு 17 ஏக்கர்.

3 மார்ச்

ஓனா ஜட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன், இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். மார்த்தாவின் பணிப்பெண், விதவைப் பங்கு. 1796 மார்ச்சில் கல்யாணமான மூத்த பேத்தி எலிசபெத்துக்கு ஓனாவைக் கொடுப்பதாக மார்த்தா சொல்லியிருந்தார். அதே ஆண்டு மே 21 மாலை, அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓனா வெளியே நடந்தார். கண்டுபிடித்தால் 10 டாலர் என்று விளம்பரம் வந்தது. முகத்தில் நிறையப் புள்ளிகள், அடர்ந்த கருங்கூந்தல் என்று அடையாளமும் சொன்னது.

வாஷிங்டன் இரண்டு தடவை ஆள் விட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை போனவர் மார்த்தாவின் சகோதரி மகன். ஓடிப்போன ஆளுக்கு ஈடாகக் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும் என்ற கவலையும் வாஷிங்டனுக்கு இருந்தது. ஓனா நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மாலுமியை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்றார், படிக்கக் கற்றார், கடைசிவரை வறுமையில் இருந்தார்.

3 மார்ச், இரவு

"பிறகு ஓனா யாருக்குச் சொந்தம்?" என்று கீழே ஒரே வரியில் கேட்டவருக்கு.

1802 மே 22 அன்று மார்த்தா இறந்தார். விதவைப் பங்கில் இருந்தவர்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்கப்பட்டார்கள். வாஷிங்டன் பட்டியலில் இருந்து விடுதலையான கணவர்கள் ஒரு பக்கம், நான்கு வீடுகளுக்குப் போன மனைவிகளும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். ஓனா கையில் இல்லை. ஆனாலும் சட்டப்படி அவரும் அந்தப் பாகத்துக்குள் அடக்கம். கணவர் சுதந்திர மனிதர்தான். ஆனால் குழந்தை தாயைப் பொறுத்தது அல்லவா, அதனால் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த மூன்று பிள்ளைகளும் வர்ஜீனியாக் கணக்கில் கஸ்டிஸ் சொத்து. அம்மாவுக்கு முன்பே இரண்டு பெண்களும் இறந்துவிட்டார்கள். ஓனா 1848-ல் இறந்தார், விடுதலைப் பத்திரம் இல்லாமலே.